சவரிராஜின் வயிறும் நான்காம் மன்றத்தின் நீதியும்

சிங்கப்பூரில் அந்தக் காலத்தில் பெரிய குற்றங்களுக்குப் பெரிய மன்றங்கள் இருந்தன. அவற்றுக்குத் தூண்களும் அகலமான படிக்கட்டுகளும் உண்டு. சின்னக் குற்றங்களுக்குச் சிறுகுற்ற விசாரணை மன்றம், எண் நான்கு, இருந்தது. அது பழைய அரிசிக் கிடங்கு ஒன்றின் மேல்மாடியில், தகரக் கூரைக்குக் கீழே நடந்தது. கடைகளின் முன்னால் ஆட்கள் நடக்கிற அஞ்சடிப் பாதையில் கூடை வைத்தவர்கள், விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியவர்கள், உரிமம் இல்லாமல் வடை விற்றவர்கள் எல்லாரும் அந்த மரப்படி ஏறி வந்து நீதி பெற்றுக்கொண்டு போவார்கள். 1957-ஆம் ஆண்டு அந்த மன்றத்துக்குத் திடீரென்று புகழ் வந்தது. அதற்குக் காரணம் ஓர் இரைப்பை. அது தமிழ் மொழிபெயர்ப்பாளர் சவரிராஜுக்குச் சொந்தமானது. பிற்பாடு அரசாங்கமும் அதில் பங்கு கேட்டது, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சவரிராஜுக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. ஒன்பது வருடமாகத் தற்காலிக ஊழியர். அரசாங்கத்தில் தற்காலிகம் என்றால் வேலை நிரந்தரம், ஊழியர்தான் தற்காலிகம். ஜாலான் புசாரில் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிற கடைக்கு மேலே ஒரே அறையில் மனைவி பிரிஜட்டோடு குடியிருந்தார். அடுப்பு படிக்கட்டுத் திருப்பத்தில் இருந்தது. மேலே போகிறவன் காலும் கீழே வருகிறவன் வேட்டியும் படாமல் அவள் குழம்பு வைக்க வேண்டும். பணி நிரந்தரமானால் அரசாங்கக் குடியிருப்பு கிடைக்கும். பிரிஜட் நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. "ஜன்னல் வச்ச சமையக்கட்டு ஒண்ணு, அது போதும்ங்க," என்பாள். ஒன்பது வருடமாகச் சவரிராஜ் அந்த ஜன்னலுக்காகத்தான் உழைத்தார்.

நான்காம் மன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் எப்படி நிற்க வேண்டும் என்பதற்கு விதி எண் பதினான்கு இருந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு மாட்டுவண்டிக்காரர், குற்றச்சாட்டு தன் காதில் விழவே இல்லை என்று மேல்முறையீட்டில் சொல்லித் தப்பித்துவிட்டார். அன்றிலிருந்து மொழிபெயர்ப்பாளர், கூண்டில் நிற்பவருடைய முகத்திலிருந்து இரண்டடிக்கு மிகாத தூரத்தில் நின்று, முகத்தைப் பார்த்து, உரக்கப் படிக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒருமுறை படித்தால் போதும். மறுத்தால் மூன்று முறை படித்து, ஒவ்வொரு பிரிவையும் விளக்க வேண்டும். இரண்டடி என்பதற்குத் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள்.

சவரிராஜ் கோடு தாண்டாத மனிதர். காலையில் எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் பாலில்லாத கோப்பி ஓ ஒரு குவளை குடித்துவிட்டு வருவார். ஒரு மணிக்கு மாஜிஸ்திரேட் ஹார்க்ரீவ்ஸ் துரை கிளப்புக்குச் சாப்பிடப் போவார். திரும்பி வர இரண்டே கால் ஆகும். அந்த நேரத்தில் மொழிபெயர்ப்பாளர் ஜாமீன் பத்திரங்களைத் தமிழாக்கி முடிக்க வேண்டும். துரை சாப்பிடும் நேரம் வீணாகக் கூடாது என்று அரசாங்கம் அதை வேறொருவரை வைத்து நிரப்பியிருந்தது. ஆகவே சவரிராஜ் பதினொரு மணிக்கு ஒரு கோப்பி, இரண்டு மணிக்கு ஒரு கோப்பி குடித்து, நாலரை மணிக்குக் கீழே இறங்கி, நாலு புரோட்டாவையும் ஆட்டுக்கறிக் குழம்பையும் பத்து நிமிடத்தில் விழுங்குவார். ஒன்பது மணிக்கு வீட்டில் வயிறு முட்டச் சோறு. ஒன்பதே காலுக்குப் படுக்கை. படுத்ததும் புளித்த ஏப்பம் ஒன்று கிளம்பி, தொண்டை வரை வந்து, அங்கேயே நிற்கும். நெஞ்சு எரியும்.

"பல்லு விளக்கினீங்களா?" என்று பிரிஜட் இருட்டில் கேட்பாள்.

"ரெண்டு தடவை."

"நாக்கு?"

"அதுவும்தான்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். மனைவிக்குச் சுத்தத்தில் கொஞ்சம் பித்து என்று சவரிராஜ் நினைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்யப் போனால், பங்குச் சாமியார் தட்டிக்குப் பின்னால் இருந்துகொண்டு அவர் இரண்டாவது பாவத்தைத் தொடங்கும்போதே மன்னிப்பு கொடுத்துவிடுவார். தன் பாவங்கள் அவ்வளவு சின்னவை என்று சவரிராஜுக்கு ஆறுதலாக இருந்தது.

அந்த வருடம் பிப்ரவரியில் மன்றத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. 'விசாரணை அறையின் காற்றில் அண்மைக் காலமாகக் காணப்படும் நிலை' என்பது தலைப்பு. என்ன நிலை என்று அதில் எழுதவில்லை. ஹார்க்ரீவ்ஸ் துரை நாகரிகமானவர், ஒரு மனிதனைப் பற்றி அப்படி எழுத மாட்டார். ஆகவே எலியைப் பற்றி எழுதியதாக எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். பியூன் அஸ்மத் மூன்று நாள் தரைப்பலகைகளைப் பெயர்த்துத் தேடினார். எலி கிடைக்கவில்லை. ஆனால் தேடுதலுக்கு ஒதுக்கிய படிவத்தில் 'எலி கிடைக்கவில்லை' என்று எழுத இடம் இல்லாததால், 'ஒன்று' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். நிலை மட்டும் அப்படியே இருந்தது.

கடைசியில் துரை நாற்காலிக்குப் பின்னால் பெரிய மின்விசிறி ஒன்றை வைத்தார்கள். அது துரை பக்கமிருந்து கூண்டுப் பக்கம் வீசியது. துரைக்கு நிலை சரியாகிவிட்டது. விசிறிக்கும் கூண்டுக்கும் நடுவில் நின்றவர் சவரிராஜ்.

மறுநாள் காலை கூண்டில் ஏறிய முதல் ஆள் யாக்கூப். பீச் ரோட்டில் பாய் முடைந்து விற்பவர். விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியதாக வழக்கு. உண்மையில் அந்தச் சைக்கிள் வழக்கில் சொன்ன தேதிக்கு முதல்நாளே களவு போய்விட்டது. களவு போனதற்கு அவர் கொடுத்த புகாரின் ரசீதைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். சவரிராஜ் மஞ்சள் கோட்டில் நின்று, மூச்சை நன்றாக இழுத்து, குற்றச்சாட்டைப் படித்தார். யாக்கூப்பின் கை பையை நோக்கிப் போனது. பாதி வழியில் திரும்பி மூக்குக்குப் போனது.

"ஒத்துக்கிறேன் தம்பி. சீக்கிரம் முடிச்சிடுங்க."

"குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்," என்று சவரிராஜ் ஆங்கிலத்தில் சொன்னார்.

அன்றைக்கு மட்டும் இருபத்தெட்டுப் பேர் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முன்னால் நாளொன்றுக்கு ஒன்பது வழக்கு முடிந்தால் அதுவே அதிசயம். அபராதம் கட்டும்போது யாக்கூப் அந்த ரசீதை எடுத்துக் காட்டியதைச் சவரிராஜ் பார்த்திருந்தார். அன்றிரவு யாக்கூப் கதையை பிரிஜட்டிடம் பெருமையாகச் சொன்னார்.

"செய்யாத தப்புக்கு ஏங்க ஒத்துக்கிட்டாரு?" என்றாள் அவள்.

"அதுதான் தமிழு. எடுத்துச் சொல்ற விதத்துல சொன்னா மனுசனுக்கு மனசாட்சி முழிச்சுக்கும்."

பிரிஜட் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான்கு மாதத்தில் நான்காம் மன்றம் தீவிலேயே முதலிடத்துக்கு வந்தது. நிலுவை வழக்கு ஒன்றுகூட இல்லை. சாட்சி சொல்ல வந்த போலீஸ்காரர்கள் வேலையில்லாமல் படிக்கட்டில் சீட்டாடினார்கள், பிறகு வருவதையே விட்டுவிட்டார்கள். மற்ற மன்றங்களிலிருந்து குறிப்பேட்டோடு அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். விசிறிக்குப் பின்னால் அவர்களுக்கு நாற்காலி போடப்பட்டது. பதிவாளர் விட்டேக்கர் அவர்களுக்கு ஓர் உரை ஆற்றினார்.

"கனவான்களே, வழக்கு தாமதமாவதற்கு ஒரே காரணம், குற்றம் சாட்டப்பட்டவர் பேசுவதுதான். அவர் பேசினால் சாட்சி பேச வேண்டும், சாட்சி பேசினால் நாம் கேட்க வேண்டும். இந்த மன்றத்தில் அந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுத்திருக்கிறோம். எப்படி என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் அவசரப்படவும் இல்லை. நன்றாக ஓடுகிற இயந்திரத்தைத் திறந்து பார்ப்பது நம் நிர்வாக மரபு அல்ல."

எல்லாரும் கைதட்டினார்கள். தலைமை மொழிபெயர்ப்பாளர் கோவிந்தசாமி மட்டும் தட்டவில்லை. சாம்பல் நிறக் கோட்டும் பை கடிகாரமும் உள்ள அவர், தனக்குக் கீழே உள்ளவனுக்கு விழும் கைதட்டலை வயிற்றுவலியாகவே உணர்பவர். "எல்லாம் நான் கத்துக் குடுத்ததுதான்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

ஜூலையில் சவரிராஜுக்கு நெஞ்செரிச்சல் பொறுக்க முடியாமல் போனது. சிராங்கூன் ரோட்டில் மருந்தகம் வைத்திருந்த டாக்டர் அழகப்பனிடம் போனார். டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் நாற்காலியை ஒரு முழம் பின்னால் தள்ளிக்கொண்டார். பிறகு விளக்கைப் பிடித்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், ஈறை அழுத்திப் பார்த்தார்.

"பல்லு முத்து மாதிரி இருக்கு. அப்ப இது அங்கேருந்து வரல. எத்தனை வருசமா இப்படி?"

"எரிச்சலா டாக்டர்?"

"எரிச்சல் இல்ல. வாடை."

சவரிராஜ் கையால் வாயை மூடிக்கொண்டார்.

"யாரும் சொல்லலையா?" என்றார் டாக்டர். குரல் இறங்கியிருந்தது. அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். "பொதுவா வாய் நாத்தம்னா பல்லும் நாக்கும்தான் காரணம். உங்களுக்கு அடுப்பு கீழ இருக்கு, வாய் வெறும் புகைப்போக்கி. எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க?"

சவரிராஜ் தன் ஒரு நாளைச் சொன்னார். கோப்பிகளைச் சொன்னார், புரோட்டாவைச் சொன்னார், ஒன்பதே காலைச் சொன்னார்.

"நாள் பூரா வயித்தைக் காயப்போட்டு, அப்புறம் மூட்டை கட்டி இறக்கி, செரிக்கறதுக்குள்ள படுத்துக்கிறீங்க. இரைப்பைக்கு மேல ஒரு கதவு இருக்கு. அது தளந்து போச்சு. புளிச்சதெல்லாம் ஏறி வருது. பல்பொடியை மாத்தி என்ன செய்ய? மத்தியானம் பன்னண்டரைக்கு உக்காந்து சாப்பிடுங்க. கோப்பியைக் குறைங்க. ராத்திரி கொஞ்சமா, ஏழு மணிக்குள்ள. சாப்பிட்டு மூணு மணி நேரம் படுக்கக் கூடாது. கட்டில் தலைமாட்டுல ரெண்டு செங்கல் வைங்க. இந்த வெள்ளை மருந்து மூணு வேளை. இதெல்லாம் செஞ்சா ரெண்டு மாசத்துல சரியாயிடும். மத்தியானச் சாப்பாடு இல்லாம மத்ததைச் செஞ்சு பிரயோசனம் இல்ல."

வீட்டுக்கு நடந்து வரும்போது சவரிராஜுக்கு ஒவ்வொரு முகமாக ஞாபகம் வந்தது. பையை நோக்கிப் போன யாக்கூப்பின் கை ஞாபகம் வந்தது. மனசாட்சி விழித்ததாக அவர் நினைத்த கண்ணீரெல்லாம் வேறு கண்ணீர். படியேறி, அடுப்படியில் நின்ற பிரிஜட்டிடம், "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"பல்லு விளக்கினீங்களான்னு ஒம்பது வருசமா வேற எதுக்குங்க கேட்டேன்?"

செங்கற்களை அவளே கீழே கடையில் கேட்டு வாங்கி வந்தாள். கட்டில் சரிவானதும் இரவெல்லாம் இருவரும் கால்மாட்டை நோக்கி வழுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

மறுநாள் சவரிராஜ் மத்தியானம் அரைமணி நேரச் சாப்பாட்டு இடைவேளை கேட்டு விண்ணப்பம் கொடுத்தார். காரணம் என்ற கட்டத்தில் டாக்டரின் சான்றிதழை ஒட்டினார். பதிவாளர் விட்டேக்கர் அதை இரண்டு முறை வாசித்தார். இயந்திரத்துக்குள் என்ன இருந்தது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் சவரிராஜைக் கூப்பிட்டு, மேசைக்கு அந்தக் கோடியில் நிற்கச் சொல்லி, மிகுந்த கனிவோடு பேசினார்.

"சவரிராஜ், உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று அறிந்து அரசாங்கம் வருந்துகிறது. அதே சமயம், உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் இருப்பதால் அரசாங்கத்துக்கு உண்டாகும் நன்மையையும் நாம் எடைபோட வேண்டும். நாங்கள் யாரையும் துன்புறுத்தவில்லை. துன்புறுத்துவதைச் சட்டம் தடுக்கிறது. ஒரு மனிதர் மூச்சு விடுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. உங்கள் சாப்பாடு பற்றி ஆராய ஒரு குழு அமைக்கிறேன். கோவிந்தசாமி தலைவர். அதுவரை, ஒன்பது வருட உழைப்புக்குப் பலனாக இதைப் பெற்றுக்கொள்ளுங்கள்."

அது பணி நிரந்தர ஆணை. ஒரு வருடத் தகுதிகாண் காலம், அதன் முடிவில் அரசாங்கக் குடியிருப்பு. மூன்றாவது பத்தியில் ஒரு நிபந்தனை இருந்தது: 'மேற்படி ஊழியர், இவ்வாணை பிறப்பிக்கப்பட்ட நாளில் எந்த உடல்நிலையில் இருந்தாரோ அந்த உடல்நிலையிலேயே தகுதிகாண் காலம் முழுவதும் இருந்துவர வேண்டும்.'

அவர் கையெழுத்துப் போட்டார். அதை மறைக்க வேண்டியதில்லை. கூண்டில் நின்றவர்கள் முகங்கள் ஒரு பக்கம், பிரிஜட்டின் ஜன்னல் ஒரு பக்கம் என்று வைத்துப் பார்த்தார், ஜன்னல்தான் கிட்டத்தில் இருந்தது. அதற்குப் பிறகு வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு படித்துப் பார்த்தார். குரல் தெளிவில்லை என்று எச்சரிக்கை வந்தது. முகத்தைத் திருப்பிப் படித்தார். விதி பதினான்கு மேற்கோள் காட்டப்பட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தார், பாதியில் இருமல் வந்து நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. அன்று கூண்டில் இருந்தவர் தன் மீது இல்லாத இன்னொரு குற்றத்தையும் சேர்த்து ஒப்புக்கொண்டார்.

செப்டம்பரில் பூவம்மா வந்தார். தேக்காச் சந்தையில் முப்பது வருடமாகக் கருவாடு விற்பவர். அஞ்சடிப் பாதையில் கூடையை வைத்து வழியை அடைத்ததாக வழக்கு. சவரிராஜ் தலையைக் குனிந்தபடி கோட்டில் நின்று படித்து முடித்தார். கூண்டிலிருந்து பதில் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தார். பூவம்மா அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சுளிக்கவில்லை. முப்பது வருடக் கருவாட்டில் அந்த மூக்கு எப்போதோ ஓய்வு பெற்றிருந்தது.

"நான் வைக்கல," என்றார் பூவம்மா.

ஆறேழு மாதமாக விசாரணை அறையில் யாரும் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. சவரிராஜ் துரை பக்கம் திரும்பினார்.

"மறுக்கிறார், கனம் நீதிபதி அவர்களே."

"இன்னொரு முறை கேளுங்கள்," என்றார் துரை.

சவரிராஜ் இன்னொரு முறை படித்தார். விதிப்படி மூன்றாவது முறையும் படித்து, ஒவ்வொரு பிரிவையும் விளக்கினார். பூவம்மா ஒவ்வொரு பிரிவுக்கும் தலையாட்டிக் கேட்டார்.

"நீங்க சொல்றது எல்லாம் புரியுது தம்பி. நல்லாவே சொல்றீங்க. ஆனா அன்னிக்கு அந்த நேரத்துல நான் பொங்கோல் கடற்கரைல கருவாடு எடுத்துக்கிட்டு நின்னேன் லா. படகுக்காரங்களக் கேளுங்க. நான் இல்லாம என் கூடை மட்டும் எப்படிங்க வந்து உக்காரும்?"

வழக்கை நடத்துவதைத் தவிர வேறு வழியில்லாமல் போனது. எப்படி நடத்துவது என்பது பலருக்கு மறந்திருந்தது. சாட்சி சொல்லும் போலீஸ்காரரைத் தேடி மூன்று நாள். அவர் கூடையை அளந்தாரா, கூடைக்குப் பக்கத்தில் இருந்த கோப்பிக் கடை முக்காலியை அளந்தாரா என்று கண்டுபிடிக்க ஒரு வாரம். பொங்கோல் படகுக்காரர்கள் அலை இறங்கிய நாட்களில்தான் வருவோம் என்றார்கள். இதற்கிடையில் அஸ்மத், பழைய விதிப் புத்தகத்தின் தூசியைத் தட்டும்போது விதி முப்பத்தொன்றைக் கண்டுபிடித்து சவரிராஜிடம் காட்டினார். மறுக்கப்பட்ட வழக்கு நடக்கும் நாட்களில் மொழிபெயர்ப்பாளருக்குப் பன்னிரண்டரை முதல் ஒன்றரை வரை கட்டாய ஓய்வு. களைத்த மொழிபெயர்ப்பாளர் சாட்சியத்தைப் பிழையாகச் சொல்லிவிடக் கூடாது என்பது நோக்கம்.

"படிச்சுக்குங்க. நான் ஒண்ணும் சொல்லல," என்றார் அஸ்மத்.

விதி விதிதான். பிரிஜட் தினமும் பன்னிரண்டரைக்கு மூன்றடுக்கு டிபன் கேரியரோடு கிடங்கின் கீழே வந்து நின்றாள். ரசம் சோறு, புடலங்காய்க் கூட்டு, மோர். சவரிராஜ் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, மென்று, மெதுவாகச் சாப்பிட்டார். நான்காம் வாரம் நெஞ்செரிச்சல் நின்றது. ஆறாம் வாரம் கூடை கோப்பிக் கடைக்காரருடையது என்று நிரூபணமாகி பூவம்மா விடுதலையானார். அதற்குள் கூண்டில் ஏறிய வேறு இரண்டு பேர், சவரிராஜ் படிப்பதை முழுதாகக் கேட்டுவிட்டு, "இல்லீங்களே," என்றிருந்தார்கள். அவர்கள் வழக்கும் நடந்தது. வழக்கு நடந்ததால் ஓய்வு கிடைத்தது, ஓய்வு கிடைத்ததால் வயிறு தேறியது, வயிறு தேறியதால் இன்னும் பலர் மறுத்தார்கள். நவம்பரில் நிலுவை வழக்குகள் நானூறு. படிக்கட்டில் போலீஸ்காரர்கள் மறுபடி சாட்சி சொல்லக் காத்திருந்தார்கள். ஓர் இரவு பிரிஜட் சுவர்ப் பக்கம் திரும்பாமல் அவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். சவரிராஜ் வெகுநேரம் தூங்காமல், அசையாமல், அந்தச் சரிவான கட்டிலில் கிடந்தார்.

கோவிந்தசாமியின் குழு ஜூலையிலிருந்தே கூடிக்கொண்டுதான் இருந்தது. மத்தியானச் சாப்பாடு தேவையா என்பதே ஆய்வுப் பொருள். ஆகவே ஆய்வு முடியுமுன் குழுவினர் மத்தியானம் சாப்பிடுவது முடிவை முன்கூட்டியே அறிவித்ததாகும் என்று கோவிந்தசாமி முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டிருந்தார். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கோப்பி ஓ மட்டும் அனுமதிக்கப்பட்டது. மற்ற இரண்டு உறுப்பினர்களும் நோய் விடுப்பில் போய்விட்டார்கள். கோவிந்தசாமி தனியாகக் கூடினார். நடுநிலைமைக்காக அவ்வளவு கஷ்டப்பட்ட ஒருவரை அந்த அலுவலகம் அதற்கு முன் கண்டதில்லை.

டிசம்பரில் அந்தக் குழுவையே ஒழுங்கு விசாரணைக் குழுவாக மாற்றி ஆணை வந்தது. குற்றச்சாட்டு: 'அரசாங்கத்தின் எழுத்துமூலமான முன் அனுமதியின்றித் தன் உடல்நிலையைச் சீராக்கிக்கொண்டது.'

சவரிராஜ் இருபத்திரண்டு பக்கத்தில் பதில் எழுதினார். ஓய்வு எடுத்தது விதி முப்பத்தொன்றின்படி. விதியைக் கடைப்பிடித்ததால் ஒருவன் குணமானால் அது விதியின் குற்றமே தவிர அவன் குற்றம் அல்ல. இதை எந்த மன்றத்தில் வைத்தாலும் நிற்கும். பிரிஜட் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். "பயப்படாம பேசுங்க. பூவம்மாக்கா பேசலையா?" என்றாள். மறுக்கிறேன் என்ற வார்த்தையைச் சவரிராஜ் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். மற்றவர்களுக்காக எத்தனையோ முறை சொன்ன வார்த்தையை அன்றைக்குத் தனக்காகச் சொல்லப் போகிறார்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. ஜன்னல்கள் ரகசியம் கருதி மூடியிருந்தன. பதிவாளர் விட்டேக்கர் ஒரு மூலையில், மின்விசிறிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். குற்றம் சாட்டப்பட்டவர் தமிழர் என்பதால் விதி பதினான்கு இங்கும் பொருந்தும் என்று கோவிந்தசாமி அறிவித்தார். தரையில் புதிதாக மஞ்சள் கோடு போட்டிருந்தது. அவர் சாம்பல் நிறக் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து, மஞ்சள் கோட்டின் மேல் நின்று, சவரிராஜின் முகத்தைப் பார்த்து, மூச்சை நன்றாக இழுத்துப் படிக்கத் தொடங்கினார்.

முதல் வாக்கியத்திலேயே அது வந்தது. ஐந்து மாதக் கோப்பியும் பட்டினியும் ராத்திரிச் சாப்பாடும் ஒன்றாகப் புளித்து, விசிறிக் காற்றில் ஏறி, சவரிராஜின் முகத்தில் நின்றது. இத்தனை காலம் தனக்குள் இருந்தது என்ன என்று அவருக்கு அதுவரை தெரியாது. இரண்டாவது வாக்கியத்தில் கண்ணில் நீர் வந்தது. மறுத்தால் மூன்று முறை படிப்பார்கள். ஒவ்வொரு பிரிவையும் விளக்குவார்கள். இருபத்திரண்டு பக்கம் இருந்த பையை நோக்கி அவருடைய கை போனது. பாதி வழியில் திரும்பி மூக்குக்குப் போனது.

"ஒத்துக்கிறேன் அண்ணே. சீக்கிரம் முடிச்சிடுங்க."

"குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்," என்று கோவிந்தசாமி ஆங்கிலத்தில் சொன்னார். குரலில் பெருமை இருந்தது.

எல்லாம் நான்கு நிமிடத்தில் முடிந்தது. நிரந்தர ஆணை ரத்தாகி, சவரிராஜ் பழைய ஆவண அறைக்குத் தற்காலிக ஊழியராக மாற்றப்பட்டார். விட்டேக்கர் மூலையில் இருந்தபடியே கைக்குட்டைக்குப் பின்னால் கோவிந்தசாமியை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தீர்ப்பின் கடைசியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தார்: 'நான்காம் மன்றத்தில் ஏற்பட்டுள்ள காலியிடத்துக்கு திரு கோவிந்தசாமி எல்லா வகையிலும் பொருத்தமானவர்.'

சவரிராஜ் வீட்டுக்குப் போனபோது பிரிஜட் படிக்கட்டுத் திருப்பத்தில் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மேலே போகிற யாரோ ஒருவருக்காகக் குழம்புச் சட்டியை ஒதுக்கிப் பிடித்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. சட்டியைக் கீழே வைத்தாள்.

"செய்யாத தப்புக்கு ஏங்க ஒத்துக்கிட்டீங்க?"

சவரிராஜ் அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். கீழே கடைக் கடிகாரம் பன்னிரண்டரை அடித்தது. அவள் சோற்றைப் போட்டாள், அவர் சாப்பிட்டார்.